மறைக்கல்விக்கு ஆள் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

இராமநாதபுரம் கரையில் தொண்டி தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வரையிலும், தென்கரையில் ஏர்வாடி, மூக்கையூர் வரையிலும் உள்ள கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வியை, அதாவது பிள்ளைகளுக்கான விசுவாச வகுப்பைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர்களுக்கு இது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். உங்கள் ஊரில் எந்தத் தொல்லை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். குழந்தைப் பாதுகாப்பு பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஆள் கிடைக்காவிட்டால் "இந்தக் காலத்து சனங்களுக்குப் பக்தி இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். கரையோரப் பங்குகளில் பெரும்பாலும் காரணம் அதுவல்ல. வேலை எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, அல்லது வகுப்பு நேரம் கடல் வேலையோடு மோதுகிறது. இரண்டையும் பிரசங்கத்தால் சரிசெய்ய முடியாது.

பூசையில் மூன்று வாரம் அறிவித்தும் ஒருவரும் வரவில்லை

"மறைக்கல்வி சொல்லிக்கொடுக்க விருப்பமுள்ளவர்கள் சாமியாரைச் சந்திக்கவும்" என்ற அறிவிப்பைக் கேட்கிற ஒவ்வொருவரும் அது பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குச் சொன்னது என்றே எடுத்துக்கொள்வார்கள். அறிவிப்பை நிறுத்திவிட்டு நோட்டை எடுங்கள்.

அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) அன்பியமாகப் பெயர்களை எழுதுங்கள். பி.எட். முடித்து வீட்டில் இருக்கும் மருமகள், அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர், டியூஷன் எடுக்கும் பிள்ளை என்று பட்டியல் தானாக நீளும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரை மட்டும் தேடாதீர்கள். பிள்ளைகள் தாமாகப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆள் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். அவர் பெயர் பட்டியலின் மேலே வரட்டும். எத்தனை பேர் தேவையோ அதைப்போல மூன்று மடங்கு பெயர் எழுதினால் போதும்.

பிறகு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாமல், அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேட்கும்போது ஐந்து விஷயம் சொல்லியாக வேண்டும்: எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்த நேரம், கூட யார் இருப்பார், எப்போது முடியும். இப்படி:

"அக்கா, மூணாம் வகுப்புப் பிள்ளைங்க பதினாலு பேரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஒரு மணி நேரம். பாடம் நடத்த ஸ்டெல்லா டீச்சர் இருக்காங்க, நீங்க கூட நிக்கணும். ஜூன்ல இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும். அதுக்கப்புறம் தொடருறதும் நிறுத்துறதும் உங்க விருப்பம். இப்பவே சொல்ல வேணாம், அடுத்த ஞாயிறு வந்து கேக்குறேன்."

முடியும் தேதியைச் சொன்னால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று சிலர் பயப்படுவார்கள். நடப்பது நேர்மாறாகத்தான். எப்போது இறங்கலாம் என்று தெரியாத வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள். கிறிஸ்துமஸ் வரை என்று வந்தவர்களில் பலர் தவக்காலம் தாண்டியும் இருப்பார்கள்.

சாமியாரே நேரில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் மறுக்க முடியாமல் ஒத்துக்கொண்டவர் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவார். சாமியார் கடைசியில் நன்றி சொல்ல வரட்டும்.

மே மாதம் பெயர் கொடுத்தவர்கள் ஜூன் கடைசியில் காணோம்

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மே மாதத்தில் கேட்டால் படகுக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஞாயிறு ஓய்வாக இருக்கும், "வர்றோம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மறைக்கல்வி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. இரண்டு வகுப்பு முடிவதற்குள் தடை முடிந்து படகு கிளம்பிவிடுகிறது. அந்த வீட்டுப் பெண்களின் ஞாயிறும் அதோடு மாறிவிடும். ஆகவே தடைக்காலத்தில் கேட்கும்போது, "படகு போக ஆரம்பிச்ச பிறகு உங்க ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலைப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படகோடு தொடர்பில்லாதவர்களும் நின்றுவிடுகிறார்களா? அப்படியென்றால் முதல் நாளில்தான் கோளாறு. புதியவர் கையில் பாடப் புத்தகத்தைக் கொடுத்து 30 பிள்ளைகளோடு அறைக்குள் விட்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக நான்கு ஞாயிறுகளை இப்படிப் பிரியுங்கள்:

முதல் ஞாயிறு: பின்னால் உட்கார்ந்து பார்ப்பது மட்டும். பிள்ளைகளின் பெயர்களைப் படித்துக்கொள்ளட்டும்.
இரண்டாம் ஞாயிறு: வருகைப் பதிவும் ஒரு பாட்டும் அல்லது தொடக்கச் செபமும் அவருடையது.
மூன்றாம் ஞாயிறு: கதை சொல்லும் பகுதி, 10 நிமிடம்.
நான்காம் ஞாயிறு: முழுப் பாடம். பழைய ஆசிரியர் பின்னால் இருப்பார், குறுக்கிட மாட்டார்.

அன்றன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசுங்கள். "நல்லா பண்ணுனீங்க" என்றால் மட்டும் போதாது, எது எடுபட்டது என்று சொல்லுங்கள்: "அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சீங்களே, அதோட அவன் அடங்கிட்டான்." பாடக் குறிப்பு புதன்கிழமைக்குள் கையில் இருக்க வேண்டும். சனி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஞாயிறு காலையில் பாதி வகுப்புக்கு ஆசிரியர் இல்லை

இந்தக் கரையில் அதிகம் கேட்கிற புகார் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும்; மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வரும். அந்த நேரத்தில் மீன் பிரிக்க, எடை போட, ஐஸ் அடிக்க, ஏலத்தில் நிற்க வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் வேண்டும். சரியாக அப்போதுதான் நீங்கள் 8.30 மணிக்கு வகுப்பு வைத்திருக்கிறீர்கள்.

மன்னார் வளைகுடாப் பக்கம் கணக்கு வேறு. நாட்டுப்படகு, வத்தை என்ற சிறு படகு, கரைவலை என்று ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். சின்னப்பாலம், பெரியபட்டினம், ஏர்வாடி பக்கத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில். அந்த நாட்களில் ஞாயிறு விழுந்தால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி: கடந்த மூன்று மாத ஆசிரியர் வருகையை எடுங்கள். ஒவ்வொரு ஞாயிறுக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள்: சனி படகு போனதா, அமாவாசையோ பௌர்ணமியோ எத்தனை நாள் தள்ளி, ஊரில் விசேஷம் உண்டா. காற்று பலமாக இருந்து மீன்வளத்துறை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கொடுக்காத சனிக்கு அடுத்த ஞாயிறு எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்றால் விடை கிடைத்துவிட்டது.

சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வகுப்பை ஞாயிறு மாலை 4 மணிக்கு மாற்றுவது. படகுக் குடும்பங்கள் அதிகமுள்ள பங்குக்கு இதுதான் நல்லது. மீன் விற்று, குளித்து, தூங்கி எழுந்த பிறகு மனுசருக்குப் பொறுமை கூடும். ஆனால் பூசைக்கும் வகுப்புக்கும் தனித்தனியாக வர வேண்டியிருப்பதால் முதல் இரண்டு மாதம் பிள்ளைகள் வருகை குறையும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு அணி. ஒரு அணியில் கடல் வேலைக் குடும்பத்தினர், மற்றதில் ஆசிரியர், கடைக்காரர், அரசு வேலை பார்ப்பவர் என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொரு அணியிலும் இரண்டு வகையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் படகு வரும் ஞாயிறில் ஒரு அணி முழுசாக விழும்.

மூன்றாவது, மாதப் பட்டியலை அமாவாசை, பௌர்ணமி அச்சிட்ட தினசரி நாட்காட்டியைப் பார்த்தே போடுவது. பாசிக்குப் போகும் அக்காவை அந்த ஞாயிறில் போடாமல் விட்டாலே போதும், மற்ற ஞாயிறில் அவர் தவறாமல் வருவார்.

எந்த வழியை எடுத்தாலும் 'வர முடியாது' என்பதை எப்படிச் சொல்வது என்று ஒரு முறை வேண்டும். சனி மாலை 6 மணிக்குள், அதற்கென்று குறித்த இரண்டு பேரில் ஒருவருக்குப் போன். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கணக்கில் வராது. குழுவில் போட்ட செய்தியை நாற்பது பேர் பார்ப்பார்கள், ஒருவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

அதையும் மீறி ஆள் குறையும் நாளுக்கு ஒரு பெட்டி சக்ரீஸ்தியில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில்) இருக்கட்டும். அதில் தயாரிப்பே தேவைப்படாத பாடம் இரண்டு (படத்தோடு), வெள்ளைத்தாள் 60, கிரயான் பெட்டி 6, சாக்பீஸ் ஒரு பெட்டி, கயிறு, பந்து, பஞ்சு, டெட்டால், பிளாஸ்டர், பெற்றோர் போன் எண் பட்டியல். மூடியின் உள்பக்கம் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பயன்படுத்தியவர் அன்றே நிரப்ப வேண்டும். இது எழுதியிருந்தாலும் நடக்காது, மாதம் ஒருமுறை ஒருவர் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. இலங்கைக் கடற்படை பிடித்துப் போன படகில் ஆசிரியரின் வீட்டு ஆள் இருந்தால், அவர் பெயரைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்க வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிவர ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

வகுப்பு கட்டுக்கடங்கவில்லை, ஆசிரியர் அழுதுகொண்டே போகிறார்

ஆசிரியருக்குத் திறமை போதாது என்ற முடிவுக்கு வரும் முன் எண்ணிப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் தாங்கும் அளவு இது: 4, 5 வயதுப் பிள்ளைகள் என்றால் ஒரு பெரியவருக்கு 8 பேர், 6 முதல் 9 வயது வரை 12 பேர், 10 வயதுக்கு மேல் 15 பேர். எந்த அறையிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்க, தயாராகும் வகுப்பில் கூட்டம் சேரும், அதைப் பிரியுங்கள்.

எண்ணிக்கை சரி, ஆனாலும் சத்தமா? பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். காலைப் பூசைக்கு வெறும் வயிற்றோடு வந்து ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்த பிள்ளையை மறுபடி உட்காரச் சொன்னால் என்ன நடக்கும்? வகுப்புக்கு முன் 15 நிமிடம் சுண்டலும் ஓட்டமும். 40 பிள்ளைகளுக்கு ஒன்றரை கிலோ கொண்டைக்கடலை போதும். ஊறி வெந்தால் மூன்று கிலோவுக்கு மேல் வரும். சனி இரவே ஊறப்போட வேண்டும். நல்ல தண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்று. பல ஊர்களில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், அதை நம்ப வேண்டாம்.

சுண்டல் வேலைக்கு ஆள் தேடும்போது இன்னொரு நன்மை கிடைக்கும். "எனக்குப் பாடமெல்லாம் நடத்த வராது" என்று ஒதுங்கிய பெண்கள் இதற்கு வருவார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் வகுப்புக்குள் நிற்பார்.

அடித்தல், முட்டி போடவைத்தல், வெயிலில் நிறுத்துதல் கிடையாது. இதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் செபம் படித்தோம்" என்பவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிவரும் பொறுப்பைக் கொடுங்கள்.

ஒரே ஒருவர் எல்லாவற்றையும் சுமக்கிறார்

சாவி, பதிவேடு, சாக்பீஸ், பெற்றோர் எண், கிறிஸ்துமஸ் நாடகம் எல்லாம் ஒருவரிடமே இருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் நன்றாக நடப்பதாகத் தோன்றும், ஆகவே யாரும் இதைக் கோளாறாகப் பார்ப்பதில்லை. அவருக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போனாலோ மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனாலோ மறைக்கல்வி நின்றுவிடும்.

அவரிடம் "வேலையைப் பகிர்ந்து கொடுங்கள்" என்றால் கொடுக்க மாட்டார், அவரே செய்வது அவருக்குச் சுலபம். பங்குப் பேரவை முன்வந்து ஒவ்வொன்றாக வாங்க வேண்டும்: முதல் மாதம் சாவி, அடுத்த மாதம் பதிவேடு, பிறகு பணக் கணக்கு. ஆண்டுக்கு ஒரு மாதம் கட்டாய விடுப்பு. மே மாதம் அதற்கு நல்லது, விடுமுறை வேதாகமப் பள்ளி வைக்காத பங்காக இருந்தால்.

கைக்காசும் இங்கேதான் கரையும். ஜெராக்ஸ், ரீசார்ஜ், பரிசு பென்சில் எல்லாம் அவர் பையிலிருந்தே போயிருக்கும். கேட்டால் "பரவாயில்லை சாமி" என்பார். காலாண்டுக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து, பில் இருந்தால் பில், இல்லையென்றால் சீட்டில் எழுதி வாங்குங்கள். சம்பளம் வேண்டாம், ஆனால் யாரும் கைக்காசு போட்டுச் சேவை செய்யும் நிலையும் வேண்டாம்.

இளையோர் வருகிறார்கள், போய்விடுகிறார்கள்

இது கோளாறே இல்லை. பிளஸ் டூ முடித்தவர் மதுரைக்கோ காரைக்குடிக்கோ படிக்கப் போவார். மார்ச்சில் பொதுத்தேர்வு, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி நடைப்பயணம், பங்குத் திருவிழா என்றால் நவநாள் முழுக்கப் பந்தல் வேலை. இவற்றை முன்கூட்டியே பட்டியலில் கழித்துவிடுங்கள். ஊரை விட்டுப் போகிறவர் தன் இடத்துக்கு ஒருவரைக் காட்டி, இரண்டு ஞாயிறு கூட நின்று விட்டுப் போகட்டும்.

18 வயது நிறையாதவர் துணை மட்டுமே. 'இரண்டு பெரியவர்' கணக்கில் அவரைச் சேர்க்காதீர்கள். சட்டத்தின் பார்வையில் அவரும் குழந்தைதான்.

ஒரு ஆசிரியரைப் பற்றிப் பிள்ளை ஏதோ சொல்கிறது, அல்லது உங்களுக்கே நெருடுகிறது

மற்ற தொல்லைகளை நீங்களே தீர்க்கலாம், இதை முடியாது.

பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தெரிவிப்பது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி எல்லாருக்கும் கடமை. தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவரைப் பற்றித் தெரிவிக்காமல் விட்டால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் வழக்கு வராது. வழி தெரியாவிட்டால் 1098க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஆளை அன்றே வகுப்பிலிருந்து நிறுத்துங்கள், ஆனால் நீங்களே கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். பிள்ளையின் பெயர் எந்தக் குழுவிலும் போகக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பது நம் கரையின் வழக்கம்; வலை அறுந்த வழக்குக்கு அது சரி, இதற்கு முடியவே முடியாது. சாமியாரோ பேரவைத் தலைவரோ "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் உங்கள் கடமை தீராது.

முன்னெச்சரிக்கை: பங்குக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவருக்கு வகுப்பு இல்லை. விண்ணப்பம், தெரிந்த இருவரின் உறுதி, தமிழ்நாடு காவல்துறை இணையதளம் வழியாகக் காவல்துறைச் சரிபார்ப்பு. சாமியாரின் உறவினர், பேரவை உறுப்பினர் மகன் என்று யாருக்கும் விலக்கு இல்லை. இரண்டு பெரியவர் என்றால் கணவனும் மனைவியும் ஒருவராகவே எண்ணப்படுவர். கதவு திறந்திருக்கும். பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவது, பைக்கில் ஒற்றைப் பிள்ளையை ஏற்றிப் போவது, படத்தை ஸ்டேட்டஸில் வைப்பது கிடையாது. கடற்கரைக்குக் கூட்டிப் போனால் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீந்தத் தெரிந்த பிள்ளைகள்தான், அதனாலேயே ஆபத்து அதிகம்.

மழை மாதங்களில் எல்லாம் குலைகிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை எதிர்பார்த்தே இருங்கள். பாம்பன் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு அல்லது அதற்கு மேல் ஏறினால் வகுப்பு இல்லை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், ஞாயிறு காலையில் யாரும் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. கொட்டகையில் வகுப்பு நடத்தும் பங்குகள் இந்த மூன்று மாதமும் கோவிலுக்குள்ளேயே இரண்டு மூலையில் நடத்தலாம்.

கிளைக் கிராமத்துக்குப் போக ஆள் இல்லை

ஒருவரை அனுப்பாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும், போக வரப் பெட்ரோல் காசு பங்குக் கணக்கில். பஸ்ஸில் போகிறவர்கள் என்றால் வகுப்பு நேரத்தைத் திரும்பும் பஸ்ஸை வைத்து முடிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை முடியாவிட்டால் இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். அங்கேயே ஒரு பெண்ணைத் துணையாக எடுத்து, இடைப்பட்ட ஞாயிறில் அவர் பிள்ளைகளை உட்காரவைத்துச் செபமும் பாட்டும் சொல்லித்தரட்டும். இன்னொரு பெரியவர் உடன் இருக்க வேண்டும் என்ற விதி அங்கேயும் உண்டு. பெரும்பாலும் பாட்டி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார்.